கழுவாத மட்டி

திருப்பூர்க்காரனுக்குக் கடல் என்பது வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய், பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, அலை வந்ததும் கத்திவிட்டு, சுண்டல் தின்று திரும்புகிற இடம். அந்தக் கடலோரத்துத் தண்ணீரில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்து வரும்படி என்னை அனுப்பிவைத்தார்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில். சாயப்பட்டறைத் தண்ணீர்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆற்றில் ஓடும் நிறத்தைப் பார்த்தே எந்தப் பட்டறையில் எந்த நாட்டு ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்குத் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியிலிருந்து அழைப்பு. ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, உப்பங்கழி ஓரமாக ஒரு சின்ன ஊர். அங்கே பெண்கள் சேற்றில் இறங்கி மட்டி பொறுக்குகிறார்கள். மட்டி என்பது சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் சிப்பி. அதில் மண்ணெண்ணெய் வாடை அடிப்பதாக அவர்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். வாடையை எல்லாம் ஃபைலில் ஏற்ற முடியாது, ரிப்போர்ட் கொண்டு வாருங்கள் என்று ஓர் அதிகாரி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தப் பக்கத்துப் பரிசோதனைக் கூடங்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு தொழிற்சாலை நல்ல வாடிக்கையாளர். மட்டி என்றதும் அவர்களுக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிட்டது. இப்படித்தான் கடலையே பார்க்காத எங்கள் முதலாளியிடம் வந்து சேர்ந்தது விஷயம். சாயத்தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்த மனிதர், எண்ணெய் என்றதும் புதுப்படம் ரிலீஸானது போலக் குஷியாகிவிட்டார். கண்ணாடி பாட்டில்கள், எஃகுக் கரண்டி, அலுமினியத் தாள், ஓர் ஐஸ் பெட்டி, இவற்றோடு என்னையும் ரயிலேற்றினார்.

சென்னையில் இறங்கி, வடக்கே போகும் லோக்கலைப் பிடித்தேன். ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் என்னையும் பெட்டியையும் கதவோடு சேர்த்து அப்பிவிட்டார்கள். என் கால் எது, பக்கத்து ஆளின் கால் எது என்று தெரியாமல் கும்மிடிப்பூண்டிவரை நின்றேன். அங்கே மொத்தக் கூட்டமும் இறங்கிவிட்டது. உட்கார இடம் கிடைத்ததும் தமிழன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். விழித்துப் பார்த்தபோது ஸ்டேஷன் பலகையில் தெலுங்கு முதலில் இருந்தது.

தடா. ஆந்திரா. ஆரம்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன். டீக்கடைக்காரர் என்னையும் பெட்டியையும் பார்த்துத் தெலுங்கில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது 'நைனா' ஒன்றுதான். பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்தவர் மொழிபெயர்த்தார்: "தூங்கறவங்க எல்லாரும் இங்கதான் எறங்குறாங்களாம். அவுரு கடையே அதனாலதான் ஓடுதாம்." அங்கேயே சாப்பிட்டேன். கோங்குரா என்கிற காரமான புளிச்சகீரைச் சட்னியை, எங்கள் ஊர்க் கீரைக்கடைசல் என்று நினைத்து ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. டீக்கடைக்காரர் மிகவும் சந்தோஷப்பட்டார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது எல்லைச் சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். ஐஸ் பெட்டியைத் திறந்தால் வரிசையாகக் காலி பாட்டில்கள். எந்தப் போலீஸ்காரருக்குத்தான் ஆசை வராது? ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தார். ஒன்றுமே இல்லை என்றதும் அவர் முகத்தில் வந்த ஏமாற்றத்தைப் பார்த்து, ஏதாவது கொண்டு வந்திருக்கலாமோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

ஆரம்பாக்கத்தில் பாஸ்கர் பைக்கோடு காத்திருந்தார். பிரேமாவின் கணவர். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. புகார் கொடுத்த பெண்களில் முதல் ஆள் பிரேமாதான். அவர்கள் வீட்டில்தான் எனக்குத் தங்கல்.

"இன்னா சார், தடா வரிக்கும் பூட்டீங்களா?" என்று பாஸ்கர் சிரித்தார். "பரவால்ல. போன மாசம் ஒரு ஆபீஸர் வர்றேன்னுட்டு வரவேயில்ல. நீங்க தாண்டிப் போயாவது வந்துட்டீங்க."

போகிற வழியில், கழியில் எண்ணெய்த் தண்ணீரை விடுவதாகப் பெண்கள் சொல்லும் தொழிற்சாலையைக் காட்டினார். வாசலில் குரோட்டன்ஸ் தோட்டம். பெரிய பலகை. 'இயற்கை நம் தாய்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு டால்பின் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த உப்பங்கழியில் டால்பினுக்கு இடுப்பளவு தண்ணீர்கூடக் கிடைக்காது. எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைக்காரர்கள் எவ்வளவோ மேல். அவர்கள் பலகையில் முருகன் படம் மட்டும்தான் இருக்கும்.

பிரேமா வாசலுக்கே வந்து வரவேற்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். பேச்சில் வெடுக்கென்று ஒரு வேகம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முட்டைக் குழம்பு வைத்திருந்தார். கழி ஓரத்து வீட்டில் முட்டையா என்று நான் தட்டைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"நம்ம மட்டிய உங்களுக்குப் போடறதுக்கு மனசு வரல சார். நாங்களே துன்றதில்ல. போன வாரம் வாங்கறவரு கூடையத் தொறந்து மோந்து பாத்துட்டு, அப்டியே மூடி என் கையிலயே குட்த்துட்டாரு. இத்தினி பேரு பாக்கறாங்கோ. எனுக்கு ஒரே அசிங்கமா ஆயிப்போச்சு."

அடுத்த மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம். தொழிற்சாலை இரண்டாவதாக ஒரு குழாய் போடப்போகிறது. அது வந்து முடிவது பிரேமா மட்டி எடுக்கும் சேற்றுத் திட்டின் தலைமாட்டில். கூட்டத்துக்கு முன்னால் ரிப்போர்ட் போகாவிட்டால் திட்டு போய்விடும். பாஸ்கரின் வேலை எந்த மாதம் இருக்கும், எந்த மாதம் இருக்காது என்று கான்ட்ராக்டருக்கே தெரியாது. இருக்கிற ஒரே நிச்சயம் அந்தச் சேறுதான்.

மறுநாள் காலை, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கினோம். இறங்கினோம் என்று சொல்வது மரியாதைக்கு. பிரேமா நடந்தார், நான் புதைந்தேன். நாலாவது அடியில் என் இடது செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது, திருப்பித் தரவில்லை. தூரத்தில் பழைய குழாயின் வாய் தெரிந்தது. அதைச் சுற்றித் தண்ணீரில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பளபளப்பு. எங்கள் ஊரில் அதற்கு ஒரு பெயரும், ஒரு துணியும், ஓர் ஏற்றுமதி விலையும் இருக்கும்.

தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். எஃகுக் கரண்டியால் சேற்றை அள்ளினேன். சேறு கறுப்பாக, மெக்கானிக் கடைத் தரையைச் சுரண்டி எடுத்த மாதிரி இருந்தது. பிரேமா காலாலேயே துழாவி, குனிந்து, மட்டிகளை எடுத்து இடுப்புக் கூடையில் போட்டார். முக்கியமான சரக்கு அதுதான். தண்ணீர் ஓடுகிறது, சேறும் நகர்கிறது, அது எங்களுடைய எண்ணெய் இல்லை என்று கம்பெனி சொல்லிவிட முடியும். மட்டி எங்கும் போவதில்லை. பிறந்த இடத்திலேயே வாயைத் திறந்து, வருகிற தண்ணீரை எல்லாம் வடிகட்டிக் குடித்துக்கொண்டு கிடக்கிறது. குடித்ததில் கொஞ்சம் அதன் சதையில் தங்கிவிடும்.

பிளாஸ்டிக் படக்கூடாது, அலுமினியத் தாளில்தான் சுற்ற வேண்டும், ஐஸிலேயே இருக்க வேண்டும் என்று பிரேமாவுக்கு ஒரு பெரிய வகுப்பே எடுத்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சேறு ஒட்டியபடியே மட்டிகளைச் சுற்றிப் பெட்டியில் வைத்தபோது மட்டும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

எனக்கு ரயில் மறுநாள் சாயங்காலம்தான். பெட்டியைச் சமையற்கட்டு மூலையில் வைத்துவிட்டு, ஐஸ் வாங்கப் பாஸ்கரோடு கும்மிடிப்பூண்டி போனேன். பிரியாணிக் கடையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், நல்ல சென்ட் வாசனையோடு ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். அந்தத் தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் மேலாளராம். நான் வந்திருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த மாவட்டத்தில் எண்ணெயைவிடச் செய்தி வேகமாகப் பரவுகிறது. பாஸ்கர் ஐஸ் எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார். இந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய கான்ட்ராக்டர் நாளைக்கு வராதே என்று சொல்லிவிடுவார்.

"அவங்க போட் எஞ்சின் டீசல் சார் அது," என்றார் மேலாளர். "அவங்களே கொட்டிட்டு எங்கமேல பழி போடறாங்க."

"அந்தம்மாகிட்ட போட்டே இல்லீங்களே. நடந்துதானுங்க போறாங்க."

"பொதுவா சொல்றேன். எங்க தண்ணி எவ்ளோ சுத்தம்னு பாருங்க. அதுலயே மீன் வளக்கறோம்." செல்போனைத் திறந்து படம் காட்டினார். ஒரு தொட்டியில் சிவப்பு மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

"நல்லாருக்குதுங்க. இந்த மீனைச் சாப்பிடுவீங்களா?"

"சேச்சே. இது அலங்கார மீன் சார்."

இரண்டு லெக் பீஸ் சொன்னார், ஒன்று எனக்கு. வேண்டாம் என்று சொல்லும் நேர்மை எனக்கு இருந்தது என்று எழுத ஆசைதான். பிரியாணி நன்றாக இருந்தது. எங்கள் ஊரில் பிரியாணிக்கு வெள்ளைக் குருமா ஊற்றுவார்கள். இங்கே கத்தரிக்காயைப் புளியில் வேகவைத்துத் தருகிறார்கள். பேசப் பேச அவர் தன் தட்டிலிருந்த கத்தரிக்காயை ஒதுக்கிக்கொண்டே இருந்தார். உள்ளூர்க் காய் அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

ஐஸோடு வீட்டுக்குத் திரும்பினால், கொடியில் துணிகளுக்கு நடுவே என் அலுமினியத் தாள் காய்ந்துகொண்டிருந்தது. கழுவி, சுருக்கம் நீவி, இரண்டு கிளிப் போட்டிருந்தார்கள். ஐஸை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

உள்ளே ஒரு பெரிய எவர்சில்வர் குண்டானில் என் மட்டிகள் கிடந்தன. பளபளவென்று, புது நாணயம் மாதிரி. பிரேமா முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"மண்ணு கக்கிடுச்சு சார். கெணத்துத் தண்ணி வாணாம்னு குடிக்கிற கேன் தண்ணிதான் ஊத்தினேன், கல்லுப்பு போட்டு. மூணு வாட்டி மாத்திட்டேன். பிரஷ்ஷு போட்டுத் தேச்சி வச்சிக்கிறேன். அத்தினி தூரம் எட்துக்கினு போறீங்க. சேத்தோட குட்த்தா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்கோ?"

பிளாஸ்டிக்கைப் பற்றி அத்தனை சொன்ன எனக்கு, கழுவக்கூடாது என்று சொல்லத் தோன்றவே இல்லை. சாயத்தண்ணீரை யாரும் கழுவிக் கொடுத்ததில்லை. ஆனால் இங்கே மட்டி எடுக்கிற எந்தப் பெண்ணும் சேறும் மண்ணுமாக மட்டியை இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டாள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, வாயைத் திறக்கவைத்து, உள்ளிருக்கும் மண்ணைக் கக்கவைத்துத்தான் கொடுப்பாள். விற்கிற மட்டிக்கே அப்படி என்றால், திருப்பூரிலிருந்து வந்தவனுக்குக் கேன் தண்ணீர்.

விஷயத்தைச் சொன்னேன். வேறு தண்ணீர் பட்ட மட்டி செல்லாது, அதில் என்ன வந்தாலும் கம்பெனி வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆபீஸ் ஆபீஸா போய் வாடை அடிக்கிது வாடை அடிக்கிதுன்னு கத்தினது நாந்தான். கடசீல நானே கழுவி வுட்டுட்டனா?"

"அளுவாத," என்றார் பாஸ்கர். "கம்பெனிக்காரன் செய்ய வேண்டிய வேலைய நீ செஞ்சி குட்த்துக்கிற. அவன்கிட்ட போய்ச் சம்பளம் கேளு."

பிரேமா சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். மூன்று முறை மாற்றிய தண்ணீர் எங்கே என்று கேட்டேன். பின்பக்கம் காட்டினார். ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் மூடி வைத்திருந்தார். மேலே மயில் கழுத்து நிறம் மிதந்தது. பக்கத்திலிருந்த முருங்கை மரம் பட்டுப்போய்விடும் என்று அதன் அடியில் ஊற்றவில்லையாம். அந்த அக்கறை குழாய் போட்டவர்களுக்கு இருந்திருந்தால் நான் தடாவில் கோங்குரா தின்றிருக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை மறுபடியும் இறங்கினோம், இந்த முறை பாஸ்கரும் கூட வந்தார். குழாயின் வாயைப் பார்த்ததும் மூவரும் நின்றுவிட்டோம். சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் தூவி, இரண்டு பக்கமும் கோலம் மாதிரிச் சுண்ணாம்புக் கோடு இழுத்திருந்தார்கள். மந்திரி வரும்போது சாலை ஓரத்தில் போடுவார்களே, அதே கோடு. குழாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. பளபளப்பு காணாமல் போயிருந்தது. முந்தின நாள் பிரியாணி எதற்காக என்று எனக்கு அப்போதுதான் செரித்தது. ஆக, நான் வந்த மறுநாளே இரண்டு தரப்பும் கழுவி முடித்துவிட்டார்கள். பிரேமா என் மரியாதைக்காகக் கழுவினார். அவர்கள் எதற்காகக் கழுவினார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"அவ்ளோதானா சார்?" என்றார் பிரேமா.

"தண்ணியைத்தானுங்க கழுவ முடியும். மட்டியை ஒரே ராத்திரியில கழுவ முடியாது. நீங்களே மூணு தண்ணி மாத்தினீங்களே, வாடை போச்சுங்களா?"

அவர் யோசித்தார். "போவல," என்றார். உடனே தண்ணீரில் குனிந்தார்.

கூடை நிறைந்தது. நான் புதிய தாளை விரித்துப் பிடித்தேன். அவர் மட்டிகளைக் கையில் எடுத்தார். கறுத்த சேறு வழிந்து முழங்கை வரை இறங்கியது. கொடுக்கவில்லை. கை தன்பாட்டுக்குத் தண்ணீரை நோக்கிப் போனது, ஒரே ஒரு அலசு அலசிவிடத்தான். பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அப்படியே தாளில் வைத்தார்.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றார் மெதுவாக. "அழுக்கோட குடுக்கறேன்."

சாயங்காலம் சென்னை ஸ்டேஷனில், திருப்பூர் ரயிலுக்காக நின்றபோது, ஐஸ் உருகிப் பெட்டி கசிய ஆரம்பித்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். பிறகு ஒரு ரயில்வே போலீஸ்காரர் மூக்கைச் சுளித்தபடி வந்தார்.

"இன்னாப்பா, மண்ணெண்ணெய் எட்துக்கினு ஏறப் போறியா? குத்தம் தெரியுமில்ல?"

"மண்ணெண்ணெய் இல்லீங்க. சிப்பிங்க."

"யார்கிட்ட கதை வுடற? வாடை குப்புனு அடிக்கிது."

பெட்டியைத் திறந்தார். தாளைப் பிரித்தார். மட்டி. இன்னொரு தாள். மட்டி. பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். மோப்ப நாயை நடத்திக்கொண்டு வந்தார்கள். அது ஒருமுறை முகர்ந்து, தும்மிவிட்டுத் திரும்பிக்கொண்டது. கடைசியில் ஒரு நோட்டைத் திறந்து, நின்றபடியே எழுதினார்: மண்ணெண்ணெய் வாடையுடன் சிப்பிகள், சோதனை செய்து அனுமதிக்கப்பட்டது. தேதி போட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கினார். எந்த ஃபைலிலும் ஏறாத வாடை, இப்படியாக அரசாங்க எழுத்தில் ஏறியது. நான் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவருக்கு என் மூளையின் மேல் சந்தேகம் வந்தது, ஆனாலும் விட்டார்.

ரயில் கிளம்பியதும் பிரேமாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். போலீஸ், நாய், நோட்டு எல்லாம் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பே இல்லை.

"அத்தினி ஜனத்துக்கு முன்னாடியா சார் நாறிச்சு?"

"அதுதானுங்க நல்லதாப் போச்சு. அந்தப் போட்டோவையும் ரிப்போர்ட்டோட வைக்கலாமுங்க."

"அதுக்கில்ல சார்." குரல் தாழ்ந்தது. "எங்களால உங்களப் போலீஸ்ல நிறுத்திட்டாங்களே. மன்னிச்சுக்குங்க."

பரிசோதனையில் எண்ணெய் இருந்தது. மட்டியில் இருந்தது, சேற்றில் இருந்தது. ரிப்போர்ட்டும் போட்டோவும் கூட்டத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தன. குழாய் விஷயத்தை மேலும் ஆராய வேண்டும் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். திட்டு இன்னும் பிரேமாவிடம்தான் இருக்கிறது. தொழிற்சாலை பதில் கடிதம் அனுப்பியிருக்கிறது, அதிகாரிகள் விளக்கம் அனுப்பியிருக்கிறார்கள், மேலாளர் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டேன். அந்த எண்ணெய்க்காக மன்னிப்புக் கேட்டவர் இன்றுவரை பிரேமா ஒருவர்தான். அதுவும் இரண்டு முறை.